ஐந்துக்குப் பூஜ்யம்

“இன்னிக்கு அவன் லைன்ல வரட்டும். தோலை உரிச்சுத் தொங்க விடறேன்!” என்றபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டார் டக் சிமன்ஸ்கி.

ஈரி நகர வானொலியில் மதிய நேரத்து விளையாட்டு அரட்டை அவருடையது. ஜனவரி வந்துவிட்டால் ஊருக்கு இரண்டே வேலைதான். வாசல் பனியை வாரிக் கொட்டுவது, பிறகு டக்குக்குப் போன் போட்டு வேட் லுண்ட்கிரெனைத் திட்டுவது.

அந்த வேட்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக்காகப் பந்தை எறிந்து, ஆட்டத்தை நடத்தி, லீக் ஆட்டங்களில் வெற்றிகளை அள்ளிக் குவித்தவர். நாக்-அவுட் சுற்றில் மட்டும் ஐந்து முறை ஆடி ஐந்திலும் தோற்றவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிவிட்டது, ஊருக்கு இன்னும் அந்த ஐந்துதான் ஞாபகம்.

திட்டுகிறவர்களில் மகா மோசமானவன் வெர்ன் என்று ஒருத்தன். கரகரத்த தொண்டை. மற்றவர்கள் பீர் வேகத்தில் கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். இவன் கத்தவே மாட்டான். திங்கள்தோறும் கூப்பிட்டு, எந்த ஆட்டத்தில் எந்தப் பந்தை வேட் கெடுத்தார் என்று நிதானமாகச் சொல்வான்.

போன வாரம் வேடின் மனைவி மார்சி டக்கைத் தேடி வந்தாள்.

“அந்த வெர்னை நிறுத்துங்க டக், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். உங்க புரோகிராம் ஆரம்பிச்சா இவர் கராஜுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறார். என்னைக்கூட உள்ள விடறதில்லை. வெளியே வரும்போது பேயறைஞ்ச மாதிரி இருக்கார். தூக்கத்துல ‘எறியாதே, எறியாதே’ன்னு புலம்பறார். இந்த மனுஷனை நான் இழந்துடுவேனோன்னு பயமா இருக்கு.”

டக்குக்கு மனசு கேட்கவில்லை. நேரே வேடைப் பார்த்து, ஸ்டூடியோவுக்கு வரும்படி கெஞ்சினார். வேட் வெகுநேரம் யோசித்துவிட்டு, “வர்றேன். ஆனா நான் பேசினா நடுவுல வெட்டக் கூடாது” என்றார். வெர்னுக்குச் சரியான பதிலடி காத்திருக்கிறது என்று டக் உள்ளூர மகிழ்ந்துபோனார்.

காலையிலிருந்தே வானொலியில் சவால்தான். “வெர்ன், தைரியம் இருந்தா இன்னிக்குக் கூப்பிடு!”

நிகழ்ச்சி தொடங்கியது. ஆச்சரியம், கூப்பிட்டவர்கள் எல்லோரும் பசுவாக மாறியிருந்தார்கள். பனி வாரும் லாரி ஓட்டுகிற லெஸ்டர் என்பவர், “நானும் உங்களை நாக்குல நரம்பில்லாம பேசியிருக்கேன் வேட். மனசுல வெச்சுக்காதீங்க” என்று தழுதழுத்தார்.

“கேட்டீங்களா ஜனங்களே?” டக் மேஜையைத் தட்டினார். “பதினோரு பேர் இறங்கற ஆட்டம் இது. ஒரு வருஷம் நம்ம தடுப்பு வரிசை சல்லடை மாதிரி இருந்தது. ஒரு வருஷம் உதைக்கிற ஆளு பந்தைக் கம்பத்துல அடிச்சான். ஜெயிச்சா ஊரே ஜெயிச்சது, தோத்தா இவர் ஒருத்தர் தோத்தாராக்கும்? இது எந்த ஊர் நியாயம்?”

வேட் தன் வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பேச்சு எட்டியதாகவே தெரியவில்லை.

“போன வாரம் அந்த வெர்ன் பேசினதைப் போடறேன். ஊரே கேட்கட்டும்.”

“வேணாம், போடாதீங்க” என்று வேட் பதறினார். அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழைப்புகளை இணைத்துக்கொண்டிருந்த ரோண்டா பொத்தானை அழுத்திவிட்டாள்.

“அஞ்சாவது ஆட்டம். கடைசி எறி” என்றது கரகரத்த குரல். “பனியில பந்து வழுக்கிச்சுன்னு நிருபர்கள்கிட்ட சொன்னான். பொய் டக். வழுக்கலை. அவன் பயந்துட்டான். அஞ்சு தடவையும் பயந்தான். அவ்வளவு பேர் கத்தற சத்தத்துல அது வெளியே தெரியலை, அவ்வளவுதான்.”

“இவன் என்ன உங்க மனசுக்குள்ள குடியிருந்தானா?” டக் பொரிந்தார். “மூணு தடியனுங்க மேல விழறப்ப நின்னு எறிஞ்சு பார்த்தாத்தானே தெரியும்! சோபால சாஞ்சுக்கிட்டு சிக்கன் கடிக்கிறவனுக்கு என்ன தெரியும்?”

வேட் தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்தார்.

அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் டக் ஆவலாகக் கண்ணாடியைப் பார்ப்பார், ரோண்டா உதட்டைப் பிதுக்குவாள். நிகழ்ச்சி முடியும் நேரமும் வந்துவிட்டது. வெர்ன் வரவேயில்லை.

“பயந்தாங்கொள்ளி!” என்றார் டக் வெற்றிக் களிப்போடு. “ஆளு எதிர்ல இருக்கார்னதும் வாலைச் சுருட்டிக்கிட்டான் பாருங்க. ஆனா தலைவா, எங்கேயாவது உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருப்பான். மனசுல இருக்கறதை அப்படியே கொட்டிடுங்க. நான் வெட்ட மாட்டேன்.”

வேட் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்களை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. பாவம், அழப் போகிறார் என்று நினைத்து டக் அவர் தோளில் கை வைத்தார்.

கரகரத்த குரலில், நிதானமாக ஆரம்பித்தார் வேட்.

“டக், வெர்ன் பேசறேன்.”