கேட்டுக்கு வராத துப்பாக்கி

"துப்பாக்கி எங்கய்யா?"

தலைமை ஆசிரியை பிரிசில்லாவின் அறையில் உட்கார்ந்ததும் கலியமூர்த்தி கேட்ட முதல் கேள்வி இதுதான். எதிரே நின்றவர் பள்ளி வாட்ச்மேன் தேவசகாயம்.

"ஸ்டேஷன்ல இருக்கு சார்."

"உள்ளாட்சித் தேர்தல் வருதுன்னு போலீஸ்ல ஒப்படைக்கச் சொன்னாங்க, ஒப்படைச்சீங்க. சரி. தேர்தல் முடிஞ்சி தீபாவளியும் போயிடுச்சி. புவனகிரியில லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க எல்லாரும் அவுங்கவுங்க துப்பாக்கிய வாங்கியாந்துட்டாங்க. உங்களுது மட்டும் ஏன் அங்கயே கெடக்கு?"



கலியமூர்த்திக்கு உரக்கடை. பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும்படி பேசுவார், மைக் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார். அவருடைய ஒரே மகள் கயல் இங்கே யு.கே.ஜி. படிக்கிறாள்.

ஜூன் மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அவர் போட்ட போடு யாருக்கும் மறக்காது. எங்கேயோ பள்ளிக் குழந்தையைக் கடத்திய செய்தி பேப்பரில் வந்திருந்த நேரம் அது.

"கம்பு வெச்சிருக்கிற வாட்ச்மேன பாத்து எவன் பயப்படுவான்? நம்ம புள்ளைங்களுக்குப் பாதுகாப்பு வேணும்னா கேட்ல துப்பாக்கி நிக்கணும்."

"சின்ன புள்ளைங்க ஓடியாடுற எடத்துல துப்பாக்கி எதுக்குங்க?" என்று எல்.கே.ஜி. டீச்சர் ரேகா கேட்டார். கைதட்டல் சத்தத்தில் அது எடுபடவில்லை.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்தத் துப்பாக்கியோடு ஊரில் இருந்த தேவசகாயத்தைத் தேடிப்பிடித்து வேலைக்குக் கொண்டுவந்ததும் கலியமூர்த்திதான். தான் கொண்டுவந்த ஆளே இப்படிச் செய்கிறாரே என்ற கோபம் வேறு.

"போன வாரம் நானே ஸ்டேஷனுக்குப் போயி விசாரிச்சேன். நீங்கதான் 'அது இங்கயே இருக்கட்டும்'னு சொல்லிட்டு வந்தீங்களாமே. என்னா சமாச்சாரம்?"

தேவசகாயம் கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு குழந்த அத பாத்து ரொம்ப பயப்படுது சார்."

கலியமூர்த்தி சிரித்துவிட்டார்.

"மேடம், மொத்தம் எத்தன புள்ளைங்க படிக்குது?"

"முந்நூத்தி பன்னெண்டு," என்றார் பிரிசில்லா.

"ஒண்ணு பயப்படுதுன்னு முந்நூத்தி பதினோரு புள்ளைங்கள அம்போன்னு விடறதா? யாரு வீட்டுப் புள்ள அது? பேரச் சொல்லுங்க. அதோட அப்பன் ஆத்தாள கூப்புட்டு நான் கேக்கறேன், இப்படியா பயந்தாங்கொள்ளியா வளக்கறதுன்னு."

"வேணாம் சார். அவுங்களுக்குச் சங்கடமா பூடும்."

"என் பொண்ணும்தான் படிக்குது. அது பயப்படுதா? எங்க வீட்டுல சோறு திங்கும்போதுகூட உங்க துப்பாக்கி பேச்சுதான்."

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரிசில்லாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், போன மாசம் உங்க கடை ஆளு கயல கூப்புட வந்தப்ப, நீங்க போன்ல சொல்ற வரைக்கும் இவரு குழந்தைய விடல. ஒரு மணி நேரம் சண்ட போட்டும் விடல. அன்னிக்கு இவரு கையில ஒண்ணும் கெடையாது."

"அது சரி மேடம். நான் இல்லேங்கல. ஆனா நாம துப்பாக்கிக்காகத்தான் இவர வெச்சோம். நாளைக்கு அதோட வந்தா வேல. இல்லன்னா நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

சாப்பாட்டு இடைவேளை முடிகிற மணி அடித்தது.

"கேட்டுக்குப் போறேன் மேடம். புள்ளைங்க கை கழுவ வெளிய வருவாங்க," என்று தேவசகாயம் கிளம்பினார். வேலை போகப் போகிற ஆளின் நடையாகத் தெரியவில்லை. கலியமூர்த்தியும் விடாமல் பின்னாலேயே போனார். பிரிசில்லா அவர் பின்னால் போனார்.

கேட் பக்கத்துக் குழாயடியில் ஒரே கூச்சல். கூட்டத்திலிருந்து பிரிந்து கயல் ஓடி வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு தேவசகாயத்திடம் போய் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"காலி பண்ணிட்டேன் தாத்தா."

"தெனமும் என்கிட்ட காட்டிட்டுத்தான் கிளாசுக்குப் போவும்," என்றார் தேவசகாயம்.

கலியமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா மேடம், எம்மாம் ஒட்டுதல்னு. இதுவா பயப்படுது?"

தேவசகாயம் மண்டியிட்டு, கைக்குட்டையை எடுத்து, கயலின் யூனிஃபார்ம் பாக்கெட்டைத் துடைத்தார். உள்ளே அள்ளித் திணித்திருந்த தயிர்சாதம் துணி வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு கைப்பிடியாவது இருக்கும்.

"தாத்தா சுட மாட்டேன்னு எத்தன தடவ சொன்னேன் தங்கம்? என்கிட்ட துப்பாக்கியே கெடையாது பாரு."

கயல் நம்பவில்லை. அவர் காதைப் பிடித்து இழுத்து ரகசியம் சொன்னாள். ஐந்து வயசு ரகசியம், பிரிசில்லா வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"சாப்பாடு மிச்சம் வெச்சா நீ சுட்டுடுவியாம். அப்பா தெனமும் சொல்றாரு. காலையில நான் ஒரு இட்லி வெச்சிட்டேன் தாத்தா. அத உன்கிட்ட சொல்லத்தான் அப்பா வந்திருக்காரா?"