காளிகாட்டில் கேட்ட புலி

கட்டைவிரலில் குங்குமத்தைத் தொட்டு அந்தப் பெண்ணின் நெற்றியில் அழுத்தி வைத்தேன்.

கூட வந்திருந்த சுஜித் அதை வீடியோ எடுத்தான்.

சுந்தரவனத்தில் புலி பார்க்க வந்த எங்கள் படகு, மதியச் சாப்பாட்டுக்காக அந்தக் கிராமத்தில் நின்றிருந்தது. சோறும் நண்டுக் குழம்பும் ஆக்கிப் போட்ட பெண்களுக்கு என் தோழி மங்கையர்க்கரசி குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தாள். முந்தின நாள் கொல்கத்தாவில் காளிகாட் கோயிலில், ‘தாயே, ஒரே ஒரு புலியை என் கண்ணில் காட்டு’ என்று நான் வேண்டிக்கொண்டு வாங்கிய குங்குமம். பாஷை தெரிந்தவள் என்பதால் பொட்டலத்தை அவளிடம் கொடுத்திருந்தேன்.

கடைசியில் நின்றவளை மட்டும் தாண்டிப் போனாள்.

வெறும் நெற்றி. வெறும் வகிடு. கையில் ஒரு வளையல்கூட இல்லை. என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா போன பிறகு என் அம்மாவையும் கல்யாண வீடுகளில் இப்படித்தான் தாண்டிப் போனார்கள். பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். இன்னொரு தடவை சும்மா நிற்பேனா? பொட்டலத்தைப் பிடுங்கினேன்.

பொட்டு வைத்ததும் அவள் அலறினாள். புடவைத் தலைப்பால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே குளத்துக்கு ஓடினாள். மங்கையும் பின்னால் ஓடினாள்.

பாவம், பழக்கம் அப்படி ஊறிப்போயிருக்கிறது என்று சுஜித்திடம் சொன்னேன். உள்ளூர எனக்குப் பெருமைதான்.

படகு கிளம்பிய பிறகும் நான் விடவில்லை. கொல்கத்தா பெஹாலாவில் என்னோடு ஒரே அறையில் இருப்பவள், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், நீயே இப்படிச் செய்யலாமா என்று மங்கையைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானா தாண்டிப் போனேன்? அவதான்டி வேணாம்னு தலையாட்டினா. புருஷன் உயிரோடதான் இருக்கான். தேனெடுக்க அக்கரைக் காட்டுக்குள்ள போயிருக்கான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் பொண்டாட்டி பொட்டு வைக்கக் கூடாதாம், வளையல் போடக் கூடாதாம். வச்சா அவனைப் புலி அடிச்சுடும்னு பயம். தேய்ச்சுத் தேய்ச்சு நெத்தியில ரத்தமே வந்துடுச்சுடி.”

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

படகைத் திருப்பச் சொல்லலாம். போய் என்ன சொல்வது? அவள் பாஷையில் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தெரியாது. அவள் பெயரையும் நான் கேட்டிருக்கவில்லை.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். புலிக்காகக் காளியிடம் போய் நின்றவள் நான்தானே. அந்தக் குங்குமத்தைத்தானே அவள் நெற்றியில் வைத்தேன்.

அப்போதுதான் முன்பக்கம் ஒரே கூச்சல்.

“புலி! ஆத்துல நீந்துது! சாயி, ஓடி வா, உன் வேண்டுதல் பலிச்சிடுச்சு!”

சுஜித்தின் குரல். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடியதில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அக்கரைக் காட்டுக்குத்தான் போகிறது, இதோ ஏறப்போகிறது என்றார்கள். மங்கை மட்டும் என் பக்கத்திலேயே இருந்தாள்.

கண்ணில் காட்டு என்றுதானே கேட்டிருந்தேன்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.