ஆறடி தள்ளி

அப்பாவோட ரெண்டு கண்ணும் நெஜமாவே கேமராதான். கல்யாண போட்டோ எடுக்கிறவரு. மண்டபத்துக் கடைசியிலேர்ந்தே தாலி முடிச்சு தெரியற மாதிரி ஜூம் லென்ஸ் தேடிக் கொடுத்தவ, பதினஞ்சு வயசு மக ரோஷிணி. பழைய கண்ணுக்குப் பொருந்துமான்னு பத்து தடவை பார்த்தா. ஆறடிக்குள்ள ஒண்ணும் தெரியாதுன்னும் பெட்டி மேல போட்டிருந்துச்சு. மண்டபத்துல எவன் அவ்வளவு கிட்ட நிக்கப்போறான்னு விட்டுட்டா. மாட்டியாச்சு. இனிமே கழட்ட முடியாது.

கிட்டத்துல எதுவும் தெரியலன்னு, லென்ஸ் வித்த கடைக்காரனை அப்பா திட்டிக்கிட்டே இருந்தாரு. ரோஷிணி அவரை ஒட்டி உக்காந்தா. இவ்வளவு கிட்டன்னா அவருக்கு மூஞ்சி தெரியாது, சொல்லிடலாம்.

"கடைக்காரர் மேல தப்பில்லப்பா..."

"ஏன் பாப்பா குரல் நடுங்குது? வாசல்கிட்ட போய் நில்லு, மூஞ்சியப் பாக்கணும்."

போய் நின்னா.

"ம், இப்பத் தெரியுது. என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லப்பா"ன்னு, போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி சிரிச்சா.