நோட்டம்மா

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. இந்த மேடம் ஒரு மாசம் நம்மகூட இருப்பாங்க. வேலை செய்யற இடத்துல மனுஷங்க ஒருத்தரோட ஒருத்தர் எப்படி நடந்துக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்றாங்களாம். அவங்க பாட்டுக்கு எழுதட்டும், நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

சூப்பர்வைசர் சொல்லி முடித்தபோது, சலவைக்கூடத்துப் பெண்கள் பதினான்கு பேரும் மேடத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்கள். கத்தாமல் அவர் பேசி அவர்கள் கேட்ட முதல் பேச்சு அது.

ஓட்டல்களும் மருத்துவமனைகளும் அனுப்பும் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுத்து, உலர்ந்து, இஸ்திரியாகி, மடிந்து வெளியே போகும். ஆறு பெரிய யந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல் சூப்பர்வைசருக்கு. அதனால் பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர் சைரன். போன மாதம் ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டாள் என்று இஸ்திரி போடும் சின்னப் பெண்ணை எல்லோர் முன்னாலும் அவர் கிழித்த கிழியில், அழுதுகொண்டே போனவள் போனவள்தான்.

மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். மடிப்பு மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு, மடியில் ஒரு தடித்த நோட்டோடு உட்கார்ந்தாள். மதியத்துக்குள் அவளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது: நோட்டம்மா.

"நோட்டு வெச்சிருக்கறதாலயா, நோட்டம் பார்க்கறதாலயா?" என்று கேட்டாள் நெட்டை. அழுக்குத் துணிகளை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவது அவள் வேலை.

"ரெண்டுக்கும்தான்," என்றாள் மடிப்பு மேஜையில் மூத்தவளான பெரியக்கா. "இது மேலிடத்து ஏற்பாடுடி. யாரோ சைரனைப் போட்டுக் கொடுத்திருக்காங்க. அதான் வேவு பார்க்க ஆள் வந்திருக்கு."

அப்படித்தான் தோன்றியது. வாயைத் திறக்குமுன் சூப்பர்வைசரின் கண் அந்த நோட்டுக்குப் போகும். "ஏய்" என்று கிளம்பியது தொண்டையிலேயே திரும்பி, "ஏம்மா" என்று வெளியே வரும். நெற்றி வியர்க்கும். பெண்கள் விரிப்புகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"பாவம்க்கா, வாய்க்குப் பூட்டு போட்ட மாதிரி இருக்காரு. மொத்தத்தையும் வீட்டுல போய்க் கொட்டுவாரோ?"

"கொட்டட்டும். நம்ம காது ஒரு மாசம் ஓய்வெடுக்கட்டும்."

இரண்டாவது வாரம்தான் சோதனை வந்தது. வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் திரைச்சீலை போய்விட, யந்திரத்தைத் திறந்தால் எண்பது விரிப்பும் ரோஸ் நிறம். மாலையில் மருத்துவமனை வண்டி வந்துவிடும்.

நெட்டை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சூப்பர்வைசரின் முகம் அந்தத் திரைச்சீலையைவிடச் சிவந்தது. நோட்டம்மா பேனாவைத் திறந்தாள்.

அவர் கண்ணை மூடி, ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

திட்டு வாங்கத் தயாராக இருந்த நெட்டை, கேள்வி வந்ததும் தன் மூலையைக் காட்டினாள். "பிரிக்கிற மூலையில விளக்கு எரியல சார். விரிப்புக் கட்டுக்குள்ள சுருண்டு கிடந்த திரைச்சீலை அந்த இருட்டுல எனக்குத் தெரியவே இல்ல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"ஏன் சொல்லல?"

நெட்டைக்காகப் பெரியக்காதான் மெதுவாகச் சொன்னாள்: "சொன்னாலும் கத்துவீங்களேன்னுதான், சார்."

அவர் ஏணியை இழுத்துப் போட்டு, தானே ஏறிப் புது விளக்கை மாட்டினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ரோஸ் விரிப்புகளை நெட்டையோடு சேர்ந்து சலவைக்காரத்தில் அமுக்கினார். மருத்துவமனை வண்டி வந்தபோது எண்பதும் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன.

அன்றிலிருந்து பெண்கள் வாய் திறக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது யந்திரம் தள்ளாடுகிறது என்றாள் ஒருத்தி. ஆவிக்குழாய் கசிகிறது என்றாள் இன்னொருத்தி. அவர் கேட்டுக் கேட்டுச் சரி செய்தார். அடுத்த திங்கட்கிழமை, அழுதுகொண்டே போன அந்த இஸ்திரிப் பெண்ணே தன் மேஜைக்கு வந்து நின்றாள்.

"வீட்டுக்கே வந்துட்டாருக்கா. அப்பா அம்மா முன்னாடி, 'தப்பு என்மேலதான், மன்னிச்சுக்கம்மா'ன்னு சொன்னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"எல்லாம் நோட்டம்மா மகிமை," என்றாள் பெரியக்கா.

மாதம் முடிந்தது. கடைசி நாள் பெண்கள் எல்லோரும் நோட்டம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னும் ஒரு மாசம் இருங்களேன், மேடம். நீங்க போயிட்டா மறுபடியும் சைரன் ஊத ஆரம்பிச்சுடும்."

"ஊதாது," என்று சிரித்தாள் அவள். "ஆராய்ச்சியில தெரிஞ்சுபோச்சு."

"மேடத்தை நான் பஸ் ஏத்திவிட்டு வரேன்," என்று அவள் பையை வாங்கிக்கொண்டார் சூப்பர்வைசர். பெண்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள். கடைசி நிமிடம் வரைக்கும் காக்கா பிடிக்கிறாராம்!

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அவர் ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொண்டார். பஸ் வந்து நின்றதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"இன்னும் ரெண்டே ரெண்டு வாரம் வந்து உட்காரக் கூடாதா? எனக்குப் பயமா இருக்கு."

"வேண்டாம்டா தம்பி," என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் படியில் ஏறினாள் அவள். "அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே போன அன்னிக்கு நீயும் அழுதுக்கிட்டு என் வீட்டுக்கு வந்து, 'என் வாயை அடக்க எனக்குத் தெரியலக்கா, எதிர்ல வந்து உட்கார்ந்து எதையாவது எழுதுற மாதிரி நடி'ன்னு சொன்ன பாரு, அப்பவே உன் சைரன் நின்னு போச்சு."