வேண்டாத லைசென்ஸ்

“லைசென்ஸ் வேண்டாம்! உன் தொழிலுக்கு லைசென்ஸே கிடையாது! இன்னும் எப்படிச் சொல்றது?”

தேசிகன் கரடியாய்க் கத்தினார். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எதிரே நின்ற பெருமாள்சாமி மட்டும் அசையவில்லை. தோளில் சாணைச் சக்கரமும் குவித்த கையுமாக அப்படியே நின்றான்.

கன்டோன்மென்ட்டும் சிட்டியும் ஒரே கார்ப்பரேஷனாகச் சேர்ந்த புதிது. எந்தத் தொழிலுக்கு லைசென்ஸ், எதற்குத் தேவையில்லை என்று புதிதாக விதி போட்டிருந்தார்கள். தெருத்தெருவாய்ப் போய்க் கத்தி தீட்டுகிறவனுக்குத் தேவையில்லை. விதியை அச்சுக்கு அனுப்பியதே தேசிகன்தான். அதை இவனுக்குப் புரியவைக்கத்தான் முடியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று தினமும் வந்து நிற்கிறான்.

“பேரைப் பதிஞ்சிக்கிட்டோம்னு ஒரு சீட்டு மட்டும் குடுத்துருங்க சாமி.”

“பதிய ரிஜிஸ்தரே கிடையாதுப்பா! எங்கே பதியறது, என் நெத்தியிலேயா?”

“ரெண்டு எழுத்து எழுதி, ஒரு முத்திரை...”

“தேவையில்லாததுக்கு முத்திரை குத்தினா என் வேலை போயிடும். தமிழ்லே வேண்டாம்னு சொன்னாப் புரியலையா? கன்னடத்திலே சொல்றேன், பேடா! உருதுவிலே சொல்லட்டுமா? நக்கோ!”

“மூணு பாஷையும் எனக்குப் புரியுது சாமி. அந்த வூட்டம்மாவுக்குத்தான் புரியல.”

தேசிகன் பேனாவைக் கீழே வைத்தார். “எந்த வீட்டம்மா? உன்னை லைசென்ஸ் கேக்கறது போலீஸ்காரன் இல்லையா?”

“போலீஸ்காரர் ஒண்ணும் சொல்லல சாமி. நான் வழக்கமாப் போற தெரு. போன மாசம் ஒரு வூட்டுல, லைசென்ஸ் இருந்தா நில்லு, இல்லாட்டி நடையைக் கட்டுன்னுட்டாங்க. அதைப் பாத்து அடுத்த வூடு, அப்புறம் எதிர் வூடு. இப்போ தெருவே கதவைச் சாத்துது. பக்கத்துத் தெருவும் ஆரம்பிச்சிருச்சு. என் சம்சாரம் முழுகாம இருக்கா சாமி. இந்த ஒடம்போட கட்டட வேலைக்குக் கல்லு சுமக்கப் போறா.”

தேசிகனுக்கு இரக்கமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எரிச்சல்தான் முந்தியது. சட்டம் தெரியாமல் சட்டம் பேசுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

“அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தா?”

“வூட்டுக்காரர் சொன்னாராம்.”

“மடையன்! வாய்க்கு வந்ததைச் சொல்லி ஏழை வயித்திலே அடிக்கிறான். அவனெல்லாம் ஒரு மனுஷனா?”

“பெரிய மனுஷங்க சாமி. நாம என்னா சொல்றது?”

“நான் சொல்றேன்! சாயங்காலம் இங்கேயே இரு, நானும் வரேன். அந்த மடையன் மூஞ்சிக்கு நேரே ரூலைப் படிச்சுக் காட்டறேன்.”

சொன்னபடியே ஆபீஸ் முடிந்ததும் கிளம்பினார். சிவாஜிநகர் சந்தை நெரிசலில் பெருமாள்சாமி முன்னால் நடக்க, அந்த மடையனை என்ன என்ன கேட்கலாம் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே பின்னால் போனார். அல்சூர்ப் பக்கம் திரும்பியதும், நல்லதாகப் போயிற்று, வீட்டுக்குப் போகிற வழிதான் என்று நினைத்துக்கொண்டார். பெருமாள்சாமி அவருடைய தெருவுக்குள்ளேயே நுழைந்தபோது அவருக்கு உற்சாகமே வந்துவிட்டது.

முனை வீட்டு ரிடையர்டு சப்-ரிஜிஸ்திரார்தான்! ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிற ஆசாமி. இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டார்.

பெருமாள்சாமி முனை வீட்டைத் தாண்டினான். இன்னும் சில வீடுகளையும் தாண்டி, பச்சை கேட்டுக்கு முன்னால் நின்றான்.

“இந்த வூடுதான் சாமி.”

அது தேசிகனின் வீடு. அதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு அவர் மனைவி ருக்கு வந்துவிட்டாள்.

“என்னன்னா, இவன் உங்க ஆபீஸுக்கே வந்துட்டானா? நான் இவனை வாசல்லே நிக்கவே விடலை. நீங்க சொன்னபடி லைசென்ஸ் கேட்டேன். தெருவிலே எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேன், எங்காத்துக்காரர் அந்த ஆபீஸ்லேதான் இருக்கார், அவர் வாயாலே சொன்னதுன்னு!”

தேசிகனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “அருவாமணை மழுங்கிடுத்து, சாணைக்காரனைக் கூப்பிடட்டுமா?” என்று ருக்கு கேட்டாள். தலையைத் தூக்காமலே, “லைசென்ஸ் இருந்தா நிறுத்து, இல்லேன்னா போகச் சொல்லு” என்றார். பேப்பரைத் தொந்தரவில்லாமல் படிக்க வேண்டுமே என்று சொன்ன வார்த்தை. அதன் பிறகு அதை அவர் நினைக்கக்கூட இல்லை.

பெருமாள்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. காலையில் இவர் சொன்ன ‘மடையன்’ என்ற ஒரு சொல்லை அவன் இப்போது திருப்பிச் சொன்னால் போதும், தேசிகன் இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அவர் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கேப்பா லைசென்ஸ்?” ருக்கு விடுவதாக இல்லை.

பெருமாள்சாமி சாணையை இறக்கிவைத்தான்.

“அன்னிக்கு சாமி சொன்னது சரிதாம்மா, இல்லாம வந்தது என் தப்பு. இன்னிக்கு சாமியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. அருவாமணையக் கொண்டாங்க!” என்று எதிர் வீட்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே, ஒன்றுமே இல்லாத தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.