மடிப்பு சார்

"ஆபீஸெல்லாம் பூட்டிக் கிடக்கு. வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குக் கஞ்சி போட்ட சட்டை கேக்குதா?"

பையிலிருந்த வெள்ளைச் சட்டைகளை மேஜைமேல் கொட்டினாள் லாண்டரிக்காரரின் மகள். அவர் கஞ்சிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார்.

நோய் பரவ ஆரம்பித்ததிலிருந்து கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. விசேஷம் இல்லை, கூட்டம் இல்லை, வேலைக்குப் போகிறவர் இல்லை. துணி தொங்க வேண்டிய கம்பியில் வெறும் ஹேங்கர்கள் தொங்கின. இப்படியே போனால் அடுத்த மாதம் காலி செய்துவிடுங்கள் என்று கட்டிடத்துக்காரர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. அவளுக்கோ இருந்த வேலையும் போய்விட்டது.

வாரம் தவறாமல் வருவது ஒரே ஒரு அம்மா. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும். "சாரோட சட்டை" என்று பையை வைப்பார். "வழக்கம்போல கஞ்சி போட்டுடறேம்மா" என்பார் லாண்டரிக்காரர். அவ்வளவுதான் பேச்சு.

"பாருங்கப்பா, போன வாரம் நாம தேய்ச்ச மடிப்பு அப்படியே இருக்கு. போட்டுக்கிட்டு ஆடாம அசையாம உட்கார்ந்திருப்பார் போல. பந்தாவுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

"வேலையைப் பாரு."

வேலைதான் இல்லையே. அவள் போனை எடுத்தாள். நெருக்கடி நேரத்தில் சின்னக் கடைக்காரர்கள் சமூக வலைத்தளத்தில் என்னென்ன போடலாம் என்று யாரோ புண்ணியவான் விலாவாரியாக எழுதியிருந்தான். அதன்படி 'கறை போக்குவது எப்படி' என்று ஏற்கெனவே ஒரு வீடியோ போட்டுப் பார்த்தாள். அத்தை மட்டும் லைக் போட்டாள். அத்தை சாவுச் செய்திக்கும் லைக் போடுகிறவள்.

"அடுத்தது 'எங்கள் வாடிக்கையாளர்'. ஒருத்தரைப் பத்திக் கலகலப்பா பேசணுமாம். நமக்கு இருக்கிறதே ஒருத்தர்தானே? இவரையே போட்டுடுவோம்."

"வேண்டாம்."

"பேர்கூட சொல்ல மாட்டேன்ப்பா."

"வேண்டாம்னா வேண்டாம்!"

கடையே கையை விட்டுப் போகிறது, இதில் வீம்பு வேறா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா சாப்பிடப் போன நேரம் பார்த்து எடுத்துவிட்டாள்.

"ஊரே லீவு! எங்க மடிப்பு சார் மட்டும் வீட்டுக்குள்ளேயே டிப்டாப்! பாக்கெட்டில் பாருங்க, போகவே போகாத ஒரு சொட்டுப் பேனா மை. அதுதான் சாரோட முத்திரை! நீங்களும் ஒரு நாள் மடிப்புக் கலையாம உடுத்திப் பாருங்க. மனசு தெளியும்!"

வீடியோ தீயாகப் பரவியது. 'சார் நம்ம ஆளு', 'வாழ்ந்தா மடிப்பு சார் மாதிரி வாழணும்' என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் சட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தார்கள்.

"மடிப்பு சார் மாதிரியே தேய்ச்சுக் கொடுங்க!" என்றார் ஒருவர்.

"யாரு மடிப்பு சார்?" என்று மகளைக் கேட்டார் லாண்டரிக்காரர்.

அவள் பெருமையாகப் போனை நீட்டினாள். அவர் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த ஆள் போகும்வரை காத்திருந்தார்.

"அந்த சார் இல்லம்மா. நோய் வந்த முதல் மாசமே போயிட்டார். தெருவில பேசிக்கிட்டாங்க."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"அந்தம்மாவே 'சாரோட சட்டை'ன்னு கொண்டு வந்து வைக்கிறாங்க. அவங்க சொல்லாததை நான் எப்படிச் சொல்றது? துவைச்சுத் தேய்ச்சுக் கொடுக்கிறேன். என்னால வேற என்ன ஆகும்?"

"இப்ப என்னப்பா பண்றது?"

"அழிச்சுடு."

அவள் கம்பியைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஹேங்கர்களில் துணி தொங்கியது.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்ப்பா."

சொன்ன வாயை அவளுக்கே பிடிக்கவில்லை. அவர் திட்டியிருந்தாலாவது தேவலை. அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தம்மா வந்தார். கையில் வழக்கமான பை. நேராக மகளிடம் வந்து நின்றார்.

"அந்த வீடியோ நீதான் எடுத்தியா?"

"மன்னிச்சுடுங்கம்மா. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் அழிக்காம வச்சிருந்தேன். இதோ, இப்பவே..."

அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நோய்க்குப் பயந்து ஒருவரை ஒருவர் தொடாத காலம் அது.

"அழிச்சுடாதேம்மா. ஆஸ்பத்திரிக்குள்ள என்னைக்கூட விடல. போனதுக்கப்புறமும் ஒருத்தர் வீட்டுப்படி ஏறல. அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேச எனக்கு ஆளில்லாம இருந்துச்சு. இதுல எத்தனை பேர் பேசுறாங்க! சார் நூறு வருஷம் நல்லா இருக்கணும்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அதைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டிருக்கேன்."

லாண்டரிக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தம்மா பையை மேஜைமேல் வைத்தார். இந்த முறை வெள்ளைச் சட்டைகளுக்கு மேலே ஒரு நீலச் சட்டை இருந்தது.

"அடுத்த வீடியோவுக்கு இதை எடும்மா. நீலம்தான் அவருக்கு எடுப்பா இருக்கும்."