வெங்கடாசலத்துக்கு மசக்கை

"வாயைத் திறங்கம்மா" என்றார் பல் டாக்டர் ரஞ்சிதா.

பெரியநாயகி வாயைத் திறந்ததும் முதலில் வந்தது புருசனைப் பற்றிய புகார்தான்.

"எங்க ஊட்டுக்காரருக்கு அம்பத்தெட்டு வயசுல மசக்கை வந்திருக்குதுங்க டாக்டர்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்படி என்னம்மா பண்றார்?"

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் வெங்கடாசலம், முப்பது வருஷமாகத் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற மனிதர். நாலு மாதமாகத்தான் இந்தக் கூத்து.

"ஒருநாளைக்கு முருங்கைக்கீரை வேணுங்கறாரு. மக்யாநாளு ராகிக் களி. அப்புறம் மத்தி மீன் கொழம்பு. நெனச்சா முட்டை, நெனச்சா எள்ளுருண்டை!"

"ஆசையாக் கேட்டா செஞ்சு போட வேண்டியதுதானே?"

"போடறனுங்களே! ஒரு வாய் வெச்சதும் மூஞ்சியச் சுளிக்கறாரு. 'உப்புக் கம்மி, நீயே தின்னு'ன்னு தட்டத் தள்ளிட்டு, வெறும் ரசஞ்சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயர்றாரு. நான் தின்னு பாத்தா உப்பு சரியாத்தான் இருக்குது! கொட்ட மனசு வருங்களா? ஊட்டுல இருக்கறதே நாங்க ரெண்டு பேரு. தெனமும் நான்தான் திங்கறேன்."

சொல்லும்போதே கோபம் ஏறியது. நேற்றும் அவர் தட்டைத் தள்ளினார். கரண்டியை 'ணங்'கென்று வைத்தாள். "நாளையிலிருந்து நீங்களே ஆக்கிக்கங்க" என்றாள். இன்று காலை அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் தனியாகவே பஸ் ஏறி வந்திருந்தாள்.

டாக்டர் அவளுடைய ஈறை மெல்ல அழுத்தினார். பல்லை அசைத்துப் பார்த்தார். புது எக்ஸ்ரேயைப் பழையதோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது.

"நாலு மாசத்துக்கு முன்னாடி தொட்டாலே ரத்தம் வந்துச்சு. ரெண்டு பல்லு வேற ஆடுச்சு. இப்ப வீக்கமே இல்லை. தாடை எலும்பு கரையறதும் நின்னிருக்கு."

"லேடி டாக்டர் குடுத்த ஹார்மோன் மாத்திரைதானுங்களே?"

"அதுவும்தான். கால்சியமும்தான். இங்க ஈறைச் சுத்தம் பண்ணினதும்தான். மாதவிலக்கு நின்னப்புறம் ஹார்மோன் குறையும், எலும்பு சீக்கிரம் கரையும். ஆனா சத்தா சாப்பிடாம மாத்திரையை மட்டும் முழுங்கினா பத்தாது. முதல்நாள் வந்தப்ப, என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"ரசஞ்சோறு, டீ, பன்னுன்னு சொன்னனுங்க. தனக்குன்னு தனியா எவ டாக்டர் அடுப்புப் பத்த வெப்பா?"

"அதைக் கேட்டுத்தான் எனக்குக் கவலையாப் போச்சு. நீங்க எக்ஸ்ரே எடுக்கப் போனப்ப, என்னென்ன சாப்பிடணும்னு எழுதி உங்க வீட்டுக்காரர் கையில கொடுத்தேன். முருங்கைக்கீரை, ராகி, மத்தி மீன், முட்டை, எள்ளு..."

பெரியநாயகி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சீட்டைப் படிச்சிட்டு அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'அவளுக்குன்னு சொன்னா ஆக்க மாட்டா டாக்டர், எனக்குன்னு சொன்னா ஆக்குவா. ஆனா நல்லாருக்குதுன்னு நான் சொல்லிட்டா, மொத்தத்தையும் எனக்கே போட்டுருவா. நான் பாத்துக்கறனுங்க'ன்னார்."

பெரியநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் காலையில கூடப் போன் பண்ணினார்மா. நேத்து வீட்டுல சண்டையாமே?"

"என்னன்னுங்க சொன்னாரு?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"'அவ வெக்கற மீன் கொழம்புன்னா எனக்கு உசுருங்க டாக்டர். இன்னும் எத்தனை நாளைக்குத்தான் உப்புக் கம்மின்னு சொல்லிக்கிட்டிருக்கறது?'ன்னு கேட்டார்!"